வேறு கணினியில் இருக்கும் ஆப்ஜெக்டை அழைப்பது: சிங்கப்பூரில் கணினியியல் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிஸ்ட்ரிபியூட்டட் ஆப்ஜெக்ட் புரோகிராமிங் என்ற தலைப்பைப் பாடப்பட்டியலில் அப்படியே தேடினால் சுலபத்தில் அகப்படாது. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ், சாஃப்ட்வேர் ஆர்கிடெக்சர், கிளவுட் கம்ப்யூட்டிங் என்று பல பாடங்களுக்குள் அது இப்போது பிரிந்து கிடக்கிறது. விஷயம் என்னவோ ஒன்றுதான். உங்கள் நிரல் ஒரு கணினியில் ஓடுகிறது. அது கூப்பிட வேண்டிய ஆப்ஜெக்ட் இன்னொரு கணினியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அழைப்பு எப்படிப் போகிறது, வழியில் எங்கே தொலைகிறது, தொலைந்தால் என்ன செய்வது என்பதுதான் பாடம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளமா முடித்துப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறவர்கள், இரண்டாம் மூன்றாம் ஆண்டு இளங்கலை மாணவர்கள், தமிழ்நாட்டிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ முதுகலைக்கு வந்திருப்பவர்கள், பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் எஸ்யுஎஸ்எஸ் (சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம்) வகுப்புக்கு ஓடுகிறவர்கள் என எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஜாவாவில் ஓரளவு எழுதத் தெரிந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தில் நிரலை ஓட வைப்பது பெரிய வேலை இல்லை, ஒரு மாலைப் பொழுது போதும். ஓடுகிற நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பதில்தான் படிப்பே இருக்கிறது. அதனால் கீழே வரும் படிகளில் பெரும்பகுதி கெடுப்பதைப் பற்றித்தான்.

படி 1: அடித்தளம் இருக்கிறதா என்று பாருங்கள்

மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கம், நெட்வொர்க், ஆப்பரேட்டிங் சிஸ்டம். என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) கணக்கில் சொன்னால் சிஎஸ்2030, சிஎஸ்2105, சிஎஸ்2106. இந்த மூன்றையும் முடித்தவர்கள் தைரியமாக இறங்கலாம். சிஎஸ்3211 என்ற பேரலல் அண்ட் கன்கரண்ட் புரோகிராமிங்கையும் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. முதுகலை மட்டத்தில் சிஎஸ்5223 டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் இருக்கிறது. என்யுஎஸ் மாணவர்கள் எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை என்பதை மாணவர்களே உருவாக்கிய என்யுஎஸ்மாட்ஸ் தளத்தில் பார்ப்பதுதான் வேகமான வழி. மற்ற பல்கலைக்கழகங்களில் குறியீட்டு எண் வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும். ஆனால் முன்தேவை இதே மூன்றுதான்.

தேசிய சேவை முடித்து வரும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஆண்டு இடைவெளியில் நிரலாக்கத்தின் இலக்கணம் மறந்திருக்கும், அது இயல்புதான். ஆனால் த்ரெட் என்றால் என்ன, இரண்டு த்ரெட்கள் ஒரே மாறியைத் தொட்டால் என்ன ஆகும் என்பது மறந்திருந்தால் அதை முதலில் சரி செய்துவிட்டு வாருங்கள். வகுப்பில் அதற்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

நெட்வொர்க்கில் டிசிபி, யுடிபி வேறுபாடு, ஐபி முகவரி, போர்ட், டிஎன்எஸ் இவ்வளவு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

படி 2: வரலாற்றை அரை நாளில் முடியுங்கள்

இதில் மூழ்கிவிடாதீர்கள். ஆனால் சுத்தமாகத் தெரியாமல் போனால் பாடப்புத்தகத்தில் பாதி பெயர்கள் புரியாது.

வேறு கணினியில் இருக்கும் செயல்கூற்றை, நம் கணினியில் இருப்பது போலவே அழைக்கலாம் என்ற யோசனைக்கு முழு வடிவம் கொடுத்தவர்கள் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் இருவரும். அவர்களுடைய கட்டுரை 1984இல் வந்தது. அதுதான் ஆர்பிசி, அதாவது ரிமோட் புரொசீஜர் கால். அதன் மேல் ஆப்ஜெக்ட் சிந்தனையை ஏற்றியபோது டிஸ்ட்ரிபியூட்டட் ஆப்ஜெக்ட் பிறந்தது. 1989இல் ஓஎம்ஜி என்ற கூட்டமைப்பு தொடங்கி, 1991இல் கோர்பா என்ற அதன் தரநிலையின் முதல் பதிப்பு வந்தது. எந்த மொழியில் எழுதிய ஆப்ஜெக்டும் எந்த மொழியில் எழுதிய ஆப்ஜெக்டையும் அழைக்கலாம் என்பது கோர்பாவின் வாக்குறுதி. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு டிகாம் என்று ஒன்றை இதே வேலைக்குக் கொண்டு வந்தது. 1997இல் ஜாவா 1.1 பதிப்போடு ஆர்எம்ஐ (ரிமோட் மெத்தட் இன்வொகேஷன்) வந்தது.

கோர்பாவின் ஐடிஎல் கோப்பு ஒன்றை வாசித்துப் பாருங்கள், இன்டர்ஃபேஸை மொழியிலிருந்து பிரித்து எழுதுவது எப்படி என்று புரியும். அதோடு போதும். ஜாவா 11இல், அதாவது 2018இல், கோர்பாவை ஜாவாவிலிருந்து அடியோடு எடுத்துவிட்டார்கள். பழைய தொலைத்தொடர்பு, பாதுகாப்புத் துறை மென்பொருள்களில் அது இன்னும் மூச்சு விடுகிறது என்றாலும், படிக்கிற வயதில் அதை நிறுவப் போராடி ஒரு வாரத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

இதில் கட்டாயம் படிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து ஜிம் வால்டோவும் மூன்று சக ஆய்வாளர்களும் எழுதிய அறிக்கை. தொலைவில் இருக்கும் ஆப்ஜெக்டையும் பக்கத்தில் இருக்கும் ஆப்ஜெக்டையும் ஒன்று போல் காட்ட முயல்வதே தவறு என்பது அவர்கள் வாதம். தாமதம், நினைவகத்தை அணுகும் முறை, பாதி மட்டும் பழுதாவது, ஒரே நேரத்தில் பலர் தொடுவது ஆகிய நான்கையும் மறைக்கவே முடியாது என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆர்எம்ஐ பிறந்ததும் அதே நிறுவனத்தில்தான். அந்த அறிக்கையின் ஆசிரியர்களில் ஒருவரான ஆன் வோல்ராத்துக்கு அதை வடிவமைத்ததில் முக்கியப் பங்கு உண்டு. அதனால்தான் ஆர்எம்ஐயில் ஒவ்வொரு மெத்தடும் ரிமோட்எக்ஸப்ஷன் எறியக்கூடும் என்று நீங்கள் கையால் எழுத வேண்டியிருக்கிறது. எழுத அலுப்பாக இருக்கும். இது தொலைவில் நடக்கும் அழைப்பு, தோற்கலாம் என்று உங்கள் மூக்கின் முன் நிறுத்தத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் எளிய நடை. முதல் வாரம் ஒரு முறை, எல்லாப் படிகளும் முடிந்தபின் ஒரு முறை வாசியுங்கள்.

படி 3: ஒரு சின்னத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

வங்கிக் கணக்கு உதாரணம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, சலித்துவிட்டது. நம் ஊரில் எல்லோருக்கும் பழகிய ஒன்றை எடுப்போம்: பூப்பந்து மைதான முன்பதிவு. சமூக மன்றத்தில் நான்கு மைதானங்கள், மணிக்கணக்கில் வாடகை, சனிக்கிழமை மாலை என்றால் அடிதடி. இதைவிட நல்ல சோதனைக் களம் கிடைக்காது.

முன்பதிவு ஆப்ஜெக்டுக்கு ஐந்து மெத்தட்கள் போதும்: குறிப்பிட்ட நேரம் காலியா என்று கேட்பது, முன்பதிவு செய்வது, இத்தனை மணிக்கு மாற்று என்பது, ஒரு மணி நேரம் தள்ளி வை என்பது, ரத்து செய்வது. ரத்துக்கு முன்னால் உள்ள அந்த ‘மாற்று’, ‘தள்ளி வை’ ஜோடியை விட்டுவிடாதீர்கள். ஏன் இரண்டும் வேண்டும் என்பது படி 6இல் தெரியும்.

முதலில் இதை ஒரே கணினியில், ஒரே நிரலுக்குள், சாதாரண ஜாவாவாக எழுதி முடியுங்கள். தரவை ஒரு கோப்பில் சேமியுங்கள். தரவுத்தளம் வேண்டாம், அது கவனத்தைத் திருப்பிவிடும்.

படி 4: ஆர்எம்ஐயில் பிரித்து ஓட்டுங்கள்

இந்தக் காலத்தில் போய் ஆர்எம்ஐயா என்று கேட்பீர்கள். வேலைச் சந்தைக்காக என்றால் தேவையில்லை. படிப்புக்கு அதைவிடத் தோதான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், ஜாவாவோடு வருகிறது. உண்மையான ஆப்ஜெக்ட் மேற்கோளை (ரெஃபரன்ஸ்) நெட்வொர்க் வழியாக அனுப்புகிறது. அதன் தையல்கள் எல்லாம் வெளியே தெரிகின்றன.

ஜாவா 17 அல்லது 21 வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பழசு எது என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் சொல்கிறேன். ஆர்எம்ஐசி என்ற கட்டளையை ஓட்டச் சொன்னால் அது பழைய பாடம். ஜாவா 5 வந்ததிலிருந்தே சாதாரண ஸ்டப்களுக்கு (ஸ்டப் என்ன என்று கீழே சொல்கிறேன்) அது தேவையில்லை, ஜாவா 15இல் அந்தக் கட்டளையே போய்விட்டது. செக்யூரிட்டி மேனேஜரை அமைக்கச் சொன்னாலும் பழசுதான்; ஜாவா 24இல் அதற்கு நிரந்தரமாகக் கதவடைத்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் இன்டர்ஃபேஸ் ரிமோட் என்ற இன்டர்ஃபேஸை நீட்டிக்க வேண்டும். சர்வர் பக்கத்தில் ஆப்ஜெக்டை உருவாக்கி, யூனிகாஸ்ட்ரிமோட்ஆப்ஜெக்ட் மூலம் ஏற்றுமதி செய்து, ரெஜிஸ்ட்ரியில் ஒரு பெயரில் பதிய வேண்டும். ரெஜிஸ்ட்ரி வழக்கமாக 1099ஆம் போர்ட்டில் இருக்கும். கிளையண்ட் அந்தப் பெயரைத் தேடி ஒரு ஸ்டப்பை வாங்கிக்கொள்ளும். ஸ்டப் என்பது உண்மையான ஆப்ஜெக்டின் முகவர். நீங்கள் அதை அழைத்தால் அது விவரங்களைப் பைட்டுகளாக மாற்றி சர்வருக்கு அனுப்பி, பதிலை வாங்கித் தரும்.

ஒரே லேப்டாப்பில் இரண்டு டெர்மினலில் இது ஓடும். அப்புறம் நண்பரின் லேப்டாப்பிலிருந்து முயன்று பாருங்கள். பெரும்பாலும் ஓடாது. பெயரைத் தேடுவது வரை சரியாகப் போகும். முதல் மெத்தடை அழைத்ததும் கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட் என்று வரும். “அண்ணா, ரெஜிஸ்ட்ரி கிடைக்குது, ஆனா கால் போக மாட்டேங்குது” என்று சீனியர்களிடம் வந்து நிற்பவர்கள் ஏராளம்.

காரணம் இதுதான். ஸ்டப்புக்குள் சர்வரின் முகவரி எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகவரியை சர்வர் தன் பெயரை வைத்துத் தானே தேடிக்கொள்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் சொந்தப் பெயர் பல சமயம் 127.0.1.1 என்றுதான் பதிவாகியிருக்கும். அந்த முகவரியோடு ஸ்டப் நண்பரின் லேப்டாப்புக்குப் போனதும், அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிறது. சர்வரைத் தொடங்கும்போது ஜாவா ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேம் என்ற அமைப்புக்கு உண்மையான ஐபி முகவரியைக் கொடுத்தால் தீர்ந்தது. கூடவே, ஏற்றுமதி செய்யும் போர்ட்டையும் நீங்களே ஓர் எண்ணாகக் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய போர்ட், ஃபயர்வாலில் அனுமதி கொடுத்து மாளாது.

இன்னொன்று. பொது வைஃபைகள் பலவற்றில் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது, நியாயம்தான். ஆனால் அது தெரியாமல் நிரலில் பிழை தேடி இரவைக் கழிக்காதீர்கள். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இரண்டு லேப்டாப்பையும் இணைத்துப் பாருங்கள்.

படி 5: நகலா, மேற்கோளா

மைதானம் என்று ஒரு கிளாஸ் எழுதி, சர்வரிடமிருந்து அதை வாங்கி, கிளையண்டில் அதன் பெயரை மாற்றுங்கள். சர்வரில் மாறியதா?

கிளாஸ் சீரியலைசபிள், அதாவது பைட்டுகளாக மாற்றி அனுப்பக்கூடியது என்றால் மாறாது, உங்களுக்கு வந்தது நகல். ரிமோட் இன்டர்ஃபேஸ் கொண்ட, ஏற்றுமதி செய்த ஆப்ஜெக்ட் என்றால் மாறும், வந்தது ஸ்டப். இரண்டுமே இல்லையென்றால் நாட்சீரியலைசபிள்எக்ஸப்ஷன். மூன்றையும் செய்து பார்த்து முடிவுகளை எழுதி வையுங்கள். ஒரே மெத்தட், ஒரே வரி நிரல்; எதை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறிவிடுகிறது. வால்டோ சொன்ன நினைவகச் சிக்கல் இதுதான்.

அடுத்தது தாமதம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற கடலடிக் கம்பி 2002இலிருந்து இருக்கிறது, நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே போக 16 மில்லிவினாடி, வர 16 மில்லிவினாடி. எவ்வளவு விலை கொடுத்துக் கணினி வாங்கினாலும் அந்த வழியில் 32 மில்லிவினாடிக்குக் கீழே ஒரு பதில் வராது. உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும் மெத்தட் அழைப்பு சில நானோவினாடிகளில் முடிந்துவிடும். வித்தியாசம் பல லட்சம் மடங்கு.

இப்போது மைதானத்தின் பெயர், வாடகை, திறக்கும் நேரம் என்று இருபது விவரங்களை இருபது கெட்டர் மெத்தட்களால் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். 640 மில்லிவினாடி அதிலேயே போயிற்று. வகுப்பில் கற்ற நல்ல ஆப்ஜெக்ட் வடிவமைப்பு, அதாவது சின்னச் சின்ன மெத்தட்கள், இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. எல்லா விவரங்களையும் ஒரே அழைப்பில் ஒரு பொட்டலமாக வாங்கும் மெத்தட் எழுதுங்கள். டேட்டா டிரான்ஸ்ஃபர் ஆப்ஜெக்ட் என்று இதற்குப் பெயர்.

ஒரே அறையில் இரண்டு லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. லினக்ஸில் டிசி என்ற கட்டளையின் நெட்எம் வசதியைக் கொண்டு செயற்கையாக 100 மில்லிவினாடி தாமதம் சேர்க்கலாம், பாக்கெட்டுகளைத் தொலைக்கவும் செய்யலாம். ஊரில் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கை இருந்தால் அவர்கள் லேப்டாப்பில் கிளையண்டை ஓட்டச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் படிப்பு ஆயிற்று. ஆனால் 1099 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்துவிட வேண்டாம். வெளியிலிருந்து வரும் பைட்டுகளை ஜாவா ஆப்ஜெக்டாகத் திருப்புவதே ஒரு ஓட்டை. 2015இல் அதை வைத்துப் பல பெரிய மென்பொருள்களை உடைத்துக் காட்டினார்கள். எஸ்எஸ்எச் சுரங்கமோ டெயில்ஸ்கேல் போன்ற தனியார் நெட்வொர்க்கோ போட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: கெடுங்கள்

இதற்குக் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள். 13 வார செமஸ்டரின் நடுவில் வரும் ரீசெஸ் வாரம் இதற்கென்றே அமைந்தது போல் இருக்கும்.

முதல் சோதனை: சர்வரை நிறுத்திவிட்டு அழையுங்கள். கனெக்ட்எக்ஸப்ஷன் வரும். இது நல்ல செய்தி, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை என்று உறுதியாகத் தெரியும்.

இரண்டாவது: முன்பதிவைக் கோப்பில் எழுதி முடித்த அடுத்த வரியில், பதில் அனுப்புவதற்கு முன், சர்வர் தானே செத்துவிடும்படி எழுதுங்கள். கிளையண்டுக்கு அன்மார்ஷல்எக்ஸப்ஷன் வரும். மைதானம் உங்களுக்குப் பதிவாகிவிட்டது, ஆனால் அது உங்களுக்குத் தெரியாது. இப்போது கோப்பில் எழுதுவதற்கு முன்பே சாகும்படி மாற்றுங்கள். கிளையண்டுக்கு அதே எக்ஸப்ஷன்தான். இரண்டு நிலையையும் வேறுபடுத்த கிளையண்டிடம் வழியே இல்லை. இதை உட்கார்ந்து நன்றாக யோசியுங்கள், இந்தப் பாடத்தின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது: சர்வரைக் கொல்லாமல் உறைய வையுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் கில் கட்டளையோடு ஸ்டாப் சிக்னல் அனுப்பினால் போதும். கிளையண்டில் எக்ஸப்ஷனே வராது, காத்துக்கொண்டே இருக்கும். ஆர்எம்ஐ பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு இயல்பாக வரம்பு கிடையாது. டைம்அவுட் நீங்கள்தான் வைக்க வேண்டும். எத்தனை வினாடி? குறைவாக வைத்தால் உயிரோடு இருக்கும் சர்வரைச் செத்ததாக நினைப்பீர்கள். கூடுதலாக வைத்தால் பயனர் போய்விடுவார். சரியான எண் என்று ஒன்று இல்லை.

நான்காவது: சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். கிளையண்ட் கையில் இருக்கும் பழைய ஸ்டப்பை அழையுங்கள். போர்ட் அதேதான், சர்வரும் ஓடுகிறது, ஆனாலும் நோசச்ஆப்ஜெக்ட்எக்ஸப்ஷன் வரும். ஸ்டப் சுட்டியது பழைய ஆப்ஜெக்டை. அது போன பிறவி.

சரி, பதில் வரவில்லை என்றால் மறுபடி அனுப்பலாமே என்று தோன்றும். இங்கேதான் ‘மாற்று’, ‘தள்ளி வை’ வேறுபாடு வருகிறது. என் பதிவை 6 மணிக்கு மாற்று என்று இரண்டு முறை சொன்னாலும் விளைவு ஒன்றுதான். ஒரு மணி நேரம் தள்ளி வை என்று இரண்டு முறை சொன்னால், 6 மணிப் பதிவு 7 மணிக்குப் போகாமல் 8 மணிக்குப் போய்விடும். முதல் வகையை ஐடெம்போட்டண்ட் என்பார்கள். பேநவ் வழியாகப் பணம் அனுப்பும்போது திரை சுற்றிக்கொண்டே நின்றால், மறுபடி அழுத்தலாமா வேண்டாமா என்று விரல் தயங்குகிறதே, அதே கேள்விதான்.

தீர்வு: ஒவ்வொரு கோரிக்கைக்கும் கிளையண்ட் ஓர் எண் கொடுக்கட்டும். சர்வர் முடித்த கோரிக்கைகளின் எண்ணையும் பதிலையும் ஓர் அட்டவணையில் வைத்திருக்கட்டும். அதே எண் மறுபடி வந்தால் வேலையைச் செய்யாமல் பழைய பதிலையே அனுப்பட்டும். இதை எழுதி, பாக்கெட்டுகளைத் தொலைத்து, பதிவு 7 மணியிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வர் செத்துப் பிழைத்தால் அந்த அட்டவணை எங்கே? அட்டவணையை எத்தனை நாள் வைத்திருப்பது? தேர்விலும் இவை வரும்.

படி 7: நெரிசலும் திரும்ப அழைப்பும்

ஆர்எம்ஐ சர்வரில் ஒவ்வொரு அழைப்பும் தனித்தனி த்ரெட்டில் ஓடக்கூடும். காலியா என்று பார்ப்பதற்கும் பதிவதற்கும் நடுவில் 50 மில்லிவினாடி உறக்கம் போட்டு, இரண்டு கிளையண்ட்களை ஒரே மைதானத்துக்கு மோத விடுங்கள். இரண்டு பேருக்கும் கிடைத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, அதாவது சிங்க்ரனைஸ்டு போட்டால் சரியாகிவிடும், இது சுலபம்.

கடினமானது அடுத்தது. யாராவது ரத்து செய்தால் எனக்குச் சொல் என்று கிளையண்ட் தன் ரிமோட் ஆப்ஜெக்டைச் சர்வரிடம் கொடுத்து வைக்கட்டும். சர்வர் பூட்டைப் பிடித்துக்கொண்டே கிளையண்டை அழைக்கிறது. கிளையண்ட் அந்த அழைப்புக்குள்ளேயே சட்டென்று முன்பதிவு செய் என்று சர்வரை அழைக்கிறது. எல்லாம் நின்றுவிடும். ஒரே கணினியில் இதே நிரல் ஓடும், ஏனென்றால் ஒரே த்ரெட் தான் பிடித்த பூட்டுக்குள் மறுபடி நுழையலாம். நெட்வொர்க்கைச் சுற்றி வரும் அழைப்பு வேறு த்ரெட்டில் வந்து நிற்கிறது. அதற்கு அந்தப் பூட்டு அந்நியம். பூட்டைப் பிடித்தபடி வெளியே எதையும் அழைக்காதே என்ற விதி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியும். த்ரெட்களின் நிலையைக் காட்டும் ஜேஸ்டேக் கட்டளையால் சர்வரையும் கிளையண்டையும் பார்த்து, யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கையால் வரைந்து பாருங்கள்.

கிளையண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் அதன் ஆப்ஜெக்டைச் சர்வர் என்றைக்கு மறப்பது என்பதும் இங்கே எழும். எதிர்த் திசையில், கிளையண்ட் வைத்திருக்கும் மேற்கோளுக்கு ஆர்எம்ஐ குத்தகை முறை வைத்திருக்கிறது: இயல்பாக 10 நிமிடம், கிளையண்ட் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்காவிட்டால் மேற்கோள் இல்லை என்று கொள்ளப்படும்.

படி 8: அதே திட்டத்தை ஜிஆர்பிசியில்

இன்று நிறுவனங்களில் நீங்கள் சந்திக்கப் போகும் ஆர்பிசிக் கருவி இது. கூகுள் 2015இல் வெளியிட்டது. இன்டர்ஃபேஸை புரோட்டோ கோப்பில் எழுதினால் ஜாவா, பைத்தான், கோ என்று வேண்டிய மொழியில் நிரலை அதுவே உருவாக்கித் தரும். மைதானத் திட்டத்தின் சர்வரை ஜாவாவிலும் கிளையண்டைப் பைத்தானிலும் எழுதிப் பாருங்கள்.

எழுதும்போது எது காணாமல் போகிறது என்று கவனியுங்கள். ஆப்ஜெக்ட் மேற்கோள் இல்லை. ஸ்டப்பை வாதமாக அனுப்ப முடியாது. குத்தகை இல்லை. போவதும் வருவதும் வெறும் செய்திகள். முப்பது ஆண்டுகளுக்கு முன் கனவு கண்ட ‘எங்கும் பரவிய ஆப்ஜெக்ட்’ கைவிடப்பட்டு, ஆர்பிசிக்கே திரும்பி வந்திருக்கிறோம். இது தோல்வி என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் வால்டோ குழுவின் அறிக்கையைத் தொழில்துறை தாமதமாகப் படித்தது, அவ்வளவுதான். ஆப்ஜெக்ட் சிந்தனை முற்றிலும் போய்விடவும் இல்லை. எர்லாங் மொழியிலும், மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் பிறந்த ஆர்லீன்ஸிலும் ஆக்டர் என்ற உருவில், அதாவது செய்தி அனுப்பி மட்டுமே பேசிக்கொள்ளும் தனித்தனிக் கூறுகளாக வாழ்கிறது. நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

படி 6இல் செய்த நான்கு சோதனைகளையும் ஜிஆர்பிசியில் திரும்பச் செய்யுங்கள். இங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் டெட்லைன் என்ற ஏற்பாடு இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்னால்தான். சொல்லாவிட்டால் உறைந்த சர்வருக்கு இதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கும். பழைய கிளையண்டோடு புதிய சர்வர் பேசுவதையும் சோதியுங்கள். ஜாவா சீரியலைசேஷனில் கிளாஸில் ஒரு புலம் சேர்த்து, பதிப்பு எண்ணை நீங்களே எழுதி வைக்கவில்லை என்றால் இன்வாலிட்கிளாஸ்எக்ஸப்ஷன் வரும். புரோட்டோவில் ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண் இருப்பதால் தெரியாத எண்ணைத் தாண்டிப் போய்விடும்.

தேர்வும் குழு வேலையும்

பள்ளியில் பத்தாண்டு வினாத்தாள் தொகுப்பைக் கரைத்துக் குடித்துத் தேறியவர்களுக்கு இந்தப் பாடத்தில் அந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. கேள்விகள் பெரும்பாலும் ‘இந்த இடத்தில் இந்தச் செய்தி தொலைந்தால் என்ன ஆகும்’ என்ற பாணியில் வரும். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நேர்க்கோடு, செய்திகளுக்குச் சாய்ந்த அம்புகள், தொலைந்த செய்திக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி. இந்தப் படத்தை வேகமாக வரையப் பழகுங்கள். கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய கடிகாரக் கட்டுரையும் இதே படத்தை வைத்துத்தான் பேசுகிறது, அதனால் இரட்டை லாபம்.

தமிழ் பேசும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் விவாதத்தைத் தமிழிலேயே நடத்துங்கள். “இப்ப பதில் தொலைஞ்சுடுச்சு, உனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும்?” என்று ஆளுக்கொரு கணினியாக நடித்துப் பார்த்தால் புரியாதது புரியும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் இதைச் செய்ய முடியாது, சத்தம் போட்டால் முறைப்பார்கள். தேக்கா உணவங்காடியில் மதியக் கூட்டம் வடிந்தபின் மேசை கிடைக்கும். விடை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிவிடுங்கள்.

குழுத் திட்டத்தில் சர்வர் ஒருவர், கிளையண்ட் ஒருவர் என்று பிரிக்காதீர்கள். இன்டர்ஃபேஸை எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் முடிவு செய்து பூட்டிவிடுங்கள். அதன் பின் ஒருவர் முழு நேரமும் கெடுக்கும் வேலையை மட்டும் செய்யட்டும். அறிக்கையில் எந்தத் தோல்வியைச் சோதித்தோம், கிளையண்ட் என்ன பார்த்தது, சர்வர் எந்த நிலையில் இருந்தது என்று ஓர் அட்டவணை சேருங்கள்.

செய்து காட்டும் நாளில் இரண்டு லேப்டாப், சொந்த ஹாட்ஸ்பாட், ஐபி முகவரியை நிரலுக்குள் எழுதாமல் கட்டளை வரியில் கொடுக்கும் ஏற்பாடு, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். முந்தைய இரவு ஓடியது காலையில் ஓடாமல் போவதற்கு மாறிவிட்ட ஐபி முகவரிதான் வழக்கமான காரணம்.

இதற்குப் பிறகு எங்கே போவது என்று கேட்டால், ஒரே சர்வர் என்ற நிலையைத் தாண்ட வேண்டும். மூன்று சர்வர்கள் ஒரே முன்பதிவுப் பட்டியலை வைத்திருந்தால் யார் சொல்வது சரி என்ற கேள்வி வரும்; அதற்கான ராஃப்ட் என்ற முறையை 2014இல் டியேகோ ஒங்காரோ, ஜான் ஔஸ்டர்ஹௌட் இருவரும் வெளியிட்டார்கள். எம்ஐடியின் 6.824 (இப்போது அதன் எண் 6.5840) பாடத்தின் விரிவுரைக் காணொளிகளும் பயிற்சிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, ராஃப்டை நீங்களே எழுத வைப்பார்கள். அதற்கு கோ மொழி வேண்டும். ஜாவா தெரிந்தவருக்கு அதன் அடிப்படைக்கு ஒரு வார இறுதி போதும். ராஃப்டுக்கு விடுமுறை முழுவதையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.